சண்டகேதுவின் கழுத்துப் பிசிறு

பனியனைக் கவிழ்த்துப் போட்டு, கழுத்துப்பட்டியை இடது கட்டைவிரலால் நெருடிக்கொண்டே போய், எங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே டிரிம்மரை வைத்து ஒரு நறுக்கு, பிறகு இரண்டு அக்குள், பிறகு அடிமடிப்பு, பிறகு ஓர் உதறல், உதறினதை வலது பக்கம் போட்டுவிட்டு இடது பக்கத்திலிருந்து அடுத்ததை எடுக்க வேண்டியது, இப்படியேதான் என் கை போய்க்கொண்டிருக்கிறது, இதில் கண்ணுக்கு ஒரு வேலையும் கிடையாது, அதனால் கண்ணை நான் டிவியில் விட்டுவிடுவேன். பிசிறு வெட்டுகிற பொம்பளைகள் எல்லோருமே இப்படித்தான். கை ஓர் ஊரில் இருக்கும், கண் ஓர் ஊரில் இருக்கும்.

சண்டகேது என் வீட்டுக்கு வந்ததும் இப்படிக் கை ஓர் ஊரிலும் கண் ஓர் ஊரிலும் இருந்த ஒரு ராத்திரியில்தான்.

அப்போது பாப்பாவுக்குத் தவழ்கிற வயசு. பகலெல்லாம் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டு, அவள் அப்பா நிட்டிங் கம்பெனிக்கு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிச் சைக்கிள் சத்தம் தெருமுனை திரும்பியதும் கண்ணைத் திறந்துகொள்வாள், விடிகிற வரைக்கும் மூடமாட்டாள், தோளில் போட்டாலும் அழுகை, தொட்டிலில் போட்டாலும் அழுகை. எங்களுடையது லைன் வீடு, திருப்பூரில் எங்களை மாதிரி பிழைக்க வந்தவர்களுக்கு அதுதான் வீடு, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் என்றால் அந்தப் பக்கம் ஜெயக்கொடி அக்கா, நடுவில் ஒரே தண்ணீர்க் குழாய், கடைசியில் ஒரே கக்கூஸ். பாப்பா அழுதால் லைனே விழித்துக்கொள்ளும். காலையில் குழாயடியில் யாராவது, “ராத்திரி உன் மகள் கச்சேரி பலமோ?” என்று கேட்டால் நான் குடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு யாரிடமும் வாய் திறந்து பேச வராது. மளிகைக் கடையில்கூட விரலால் காட்டித்தான் வாங்குவேன்.

அதனால் டிவியில் சத்தத்தை ரொம்பவே குறைத்துவிட்டுத்தான் பார்ப்பது. உள்ளூர் கேபிள்காரரிடம் பழைய படங்கள் கொஞ்சந்தான் இருந்தன போலிருக்கிறது, நடுராத்திரிக்கு மேல் அவையே சுற்றிச் சுற்றி வரும். முடி ஒட்டின பசை தெரிகிற ராஜாக்கள், கம்பி தெரியும்படி பறக்கிற குதிரைகள், கதாநாயகன் சாய்ந்தால் கூடவே சாய்கிற துணி மலைகள், மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நடக்கிற வெள்ளைச்சேலைப் பேய்கள், தொப்பி போட்டு மணல்மேட்டில் குதிரை ஓட்டுகிற நம்மூர் ஆட்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. பிசிறு தெரிகிற துணியைப் பார்த்தால் தைத்தவள் என்ன அவசரத்தில் இருந்தாளோ என்றுதான் தோன்றும், அந்தப் படங்களைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான்.

அதில் ஏழாம் குகைப் படம் என்று நான் பெயர் வைத்துக்கொண்டது ஒன்று, கறுப்பு வெள்ளை. குகைக்குள் மேலேயிருந்து ஒரு கூண்டு தொங்கும், கூண்டுக்குள் இளவரசி மந்தாகினி, கீழே காவலுக்கு அரக்கன் சண்டகேது. நெற்றியில் வரைந்து வைத்த மூன்றாவது கண், அட்டைக் கொம்பு, அதில் இடதுபக்கத்துக் கொம்பு மடங்கியிருக்கும், பஞ்சு திணித்த பெரிய வயிறு, முதுகில் ஜிப். ஜிப்புக்குப் பக்கத்தில் தையல் விட்டுப்போய் வாயைப் பிளந்துகொண்டிருக்கும், பார்க்கும்போதெல்லாம் அதைப் பிடித்து நாலு ஓட்டு ஓட்டிவிட எனக்குக் கை பரபரக்கும். கடைசியில் சண்டகேது கூண்டைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிச் சிரிப்பார், சிரித்துக்கொண்டே இருப்பார், இளவரசன் பூனை மாதிரி பின்னால் வந்து கத்தியைப் பாய்ச்சிவிட்டு இடுப்பிலிருக்கிற சாவியை எடுத்துக்கொள்வான். கத்தி வருகிற நேரத்தில் நான் குனிந்து பனியனைப் பார்த்துக்கொள்வேன். எத்தனை தடவை வந்தாலும் குனிந்துகொள்வேன்.

அன்றைக்குக் குனிய முடியவில்லை. தோளில் கிடந்த பாப்பா அழுதுகொண்டே என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். கத்தி வருகிறது, அவர் சிரிக்கிறார், நான் நேருக்கு நேர் பார்க்கிறேன், என் வாய் தானாகத் திறந்து, “அண்ணே, பின்னாடி” என்றது.

சண்டகேது சிரிப்பை நிறுத்தினார். கையைக் கீழே போட்டார். திரும்பி இளவரசனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர் வாசல்படி தாண்டுகிற மாதிரி டிவியின் விளிம்பில் ஒரு காலை வைத்து, கொம்பு இடிக்காமல் குனிந்து, என் வீட்டுக்குள் இறங்கினார். அடுக்கி வைத்திருந்த பனியன் கட்டு ஒன்று சரிந்தது, வேறொன்றும் ஆகவில்லை.

“மானிடப் பெண்ணே!” என்று இடிக்குரலில் ஆரம்பித்தவர், பாப்பா வெடுக்கென்று திரும்பிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “குழந்தை ஏன் அழுகிறது?”

“தூங்க மாட்டேங்குதுண்ணே.”

“கொடு இங்கே.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாப்பாவை வாங்கி வயிற்றின்மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். அந்தக் காலத்து இலவம்பஞ்சு, அவர் மூச்சு விடும்போதெல்லாம் ஏறி இறங்கியது. பாப்பா கொஞ்ச நேரம் வயிற்றில் ஒட்டியிருந்த ரோமத்தைப் பிய்த்துப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனாள். நானும் டிரிம்மரைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனேன்.

விடிந்து தவசி, அதுதான் பாப்பாவின் அப்பா, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து நின்றார். சுவரோரம் அரக்கன், அரக்கன் வயிற்றில் பிள்ளை, பக்கத்தில் நான். கொஞ்ச நேரம் பார்த்தார். “சத்தம் போடாத, பிள்ள தூங்குது” என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்டுவிட்டு, மூலையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். வேலைக்குப் போய் வருகிற மனுஷன் அதற்கு மேல் என்ன கேட்பார்.

வீட்டுக்கார அம்மா பாவாத்தாள்தான் கேட்டார். அவர் இந்த ஊர்க்காரர், லைனில் புது ஆள் இருமினாலே அவருக்குத் தெரிந்துவிடும். வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங், ஒறம்பறைங்களா?” சொந்தக்காரரா என்று கேட்கிறார்.

சண்டகேது எழுந்தார். எழுந்த வேகத்தில் கொம்பு நிலவாசலில் இடித்தது. “அரசியே! உங்கள் அரண்மனையில் அடைக்கலம் கேட்டு வந்தவன் நான்” என்றார்.

பாவாத்தாளை அதுவரைக்கும் யாரும் அரசி என்று கூப்பிட்டதில்லை. அவர் வீட்டுக்காரர்கூட ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அதுக்கென்னங், இருந்துட்டுப் போங். நெலவாசல் கொஞ்சம் தாழ்வுங், பாத்துக் குனிஞ்சு வாங்” என்று சொல்லிவிட்டுப் போனவர், கொம்பு படுகிற இடத்தில் பழைய சாக்கை மடித்து ஆணி அடித்து வைக்கச் சொன்னார். அந்தச் சாக்கு இப்போதும் இருக்கிறது.

அப்புறம் சண்டகேது லைனில் ஓர் ஆளாகிவிட்டார். தண்ணீர் வருகிற நாளில் எல்லோர் வீட்டு டிரம்மையும் தோளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார், பம்பு நின்றுபோனால் குழாயைப் பார்த்து, “அற்பப் பதரே!” என்று கத்துவார், சமயத்தில் தண்ணீர் வந்தும்விடும். கக்கூஸ் வரிசையில் அவருக்கு முன்னால் நிற்கிறவர்கள் பயந்து வழிவிட்டார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வரிசை வரிசைதான் என்றார். ஆட்கள் மாற்றி மாற்றிச் சோறு போட்டார்கள். சாம்பல் நிறத்தில் வந்தவர், வெயிலில் நின்றாலும் சாம்பலாகத்தான் இருந்தார், ஜெயக்கொடி அக்கா கொடுத்த தக்காளிச் சோற்றில் முதலில் அவர் உதடு சிவந்தது, பிறகு மஞ்சப்பொடி சிந்தி விரல் மஞ்சளானது, பிள்ளைகள் மடியில் ஏறி உட்கார்ந்து மூன்றாவது கண்ணில் நீலக் கலர் அடித்துவிட்டார்கள், இப்படி ஒவ்வோர் இடமாக அவருக்கு நிறம் வந்தது. ராத்திரியானால் லைனில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் என் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். ஆனால் வயிற்றின் நடுவில் இடம் பாப்பாவுக்குத்தான். அவள் பாட்டுக்குத் தூங்குவாள், நான் என் பாட்டுக்குப் பிசிறு வெட்டுவேன், அவர் தன் பாட்டுக்குக் குகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், நானும், யாரிடமும் பேசாதவள், உம் கொட்டினேன், பிறகு ஒரு கேள்வி கேட்டேன், பிறகு குழாயடியிலும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

“ஏண்டி பவுனு, உனக்கு வாய் இருக்குன்னு இந்தக் கொம்புக்காரரு வந்துதான் சொல்லணுமா?” என்றார் ஜெயக்கொடி அக்கா.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, ஏழாம் குகை மறுபடியும் வருகிற வரைக்கும்.

படம் போட்டார்கள். குகை இருந்தது, கூண்டு இருந்தது, அரக்கன் இல்லை. இளவரசன் உருவிய கத்தியோடு குகையை நாலு சுற்றுச் சுற்றினான், யாரைக் குத்துவது என்று தெரியாமல் கல்லில் உட்கார்ந்தான், பிறகு எழுந்து வெளியே போனான். சாவி எங்கள் வீட்டில், சண்டகேதுவின் இடுப்பில். இளவரசி கூண்டுக்குள்ளேயே இருந்தாள். முடிவு வரவில்லை, பாட்டு வரவில்லை, வணக்கம் போடவில்லை. அடுத்து ஒரு போலீஸ் படம் ஓடியது, அதில் இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்தியபோது இளவரசன் குறுக்கே வந்து, “இவ்வழியே ஓர் அரக்கன் சென்றானா?” என்று கேட்டுவிட்டுப் போனான். மறுநாள் குடும்பப் படம், கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம் பின்னால் தோரணத்துக்குப் பக்கத்தில் கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எந்தப் படம் போட்டாலும் ஏதோ ஒரு மூலையில் கூண்டு, கூண்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண். அவளால் எந்தப் படத்துக்குள்ளும் இறங்க முடியவில்லை, எந்தப் படத்தாலும் அவளை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

லைனில் எல்லோரும் பார்த்தார்கள். ஊரிலும் பார்த்திருப்பார்கள், கேபிள்காரருக்குப் போன் செய்து கேட்டிருப்பார்கள், அவர் கம்பத்தில் ஏறி ஒயரை ஆட்டிவிட்டுப் போனார். எங்கள் பொம்பளைகள் என் வீட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“தின்னாளோ இல்லையோ, மூஞ்சியப் பாருங்க, சுண்டிப்போச்சு” என்றார் ஜெயக்கொடி அக்கா.

பாவாத்தாள் ஒரு தம்ளர் மோரைக் கொண்டுவந்து கண்ணாடியில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை, டிவி மேசையில் வழிந்தது. துடைத்துக்கொண்டே, “சாமி, அந்தப் புள்ளைக்கும் ஒரு ஆத்தா இருப்பாளல்லங்” என்றார்.

“அதுக்காக இவரக் குத்து வாங்கக் கொண்டுபோய் விடுறதா? நல்லா இருக்கே ஞாயம்” என்றார் தவசி. தண்ணீர் டிரம் தூக்குகிற வேலை மிச்சமான ஆம்பளைகள் எல்லோரும் தவசி பக்கம். பொம்பளைகளில் பாதிப்பேர் அந்தப் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம், பேசுகிறவர்களே நடுவில் பக்கம் மாறினார்கள். சண்டகேது டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாப்பாவை வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்டவள் நான்தானே.

எனக்குக் கேட்க மனசில்லை. கேட்டால் அவர் போய்விடுவார், போனால் செத்துப்போவார், பாப்பா விழித்துக்கொள்வாள், என் வாயும் பழையபடி மூடிக்கொள்ளும் என்றுகூட நினைத்தேன். ஒரு ராத்திரி பேய்ப் படம், வெள்ளைச்சேலைப் பேய் மெழுகுவத்தியோடு மாடிப்படியில் இறங்குகிறது, படிக்கு மேலே கூண்டு. பேய் நின்று, அண்ணாந்து, மெழுகுவத்தியைத் தூக்கி இளவரசியின் முகத்தைப் பார்த்தது. அப்போது இளவரசி ஒரு காலை நீட்டப் பார்த்தாள், கூண்டில் இடமில்லை, காலைக் கையால் தூக்கி இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டிவிட்டு எழுந்திருக்கும்போது என் காலை நானும் அப்படித்தான் கையால் தூக்கி வைப்பேன்.

“அண்ணே” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “சொல், பெண்ணே.”

“அந்தப் பொண்ணுக்குக் கால் மரத்துப்போச்சுண்ணே.”

பாப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு அவர், படத்துக் குரலில் இல்லாமல், “சாவது எனக்குப் பழக்கம்தான். ஒவ்வொரு முறையும் சாகிறேன், அடுத்த முறை படம் போட்டால் எழுந்துகொள்கிறேன்” என்றார். “ஆனால் அப்போதெல்லாம் எனக்கு யாரையும் தெரியாது. இப்போது ஒரு குழந்தையைத் தெரியும். தெரிந்துகொண்டு செத்தால் எழுந்திருப்பேனா என்று தெரியவில்லை.”

இடுப்பிலிருந்த சாவியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் ராத்திரி மறுபடி அந்தப் படம்தான் என்று கேபிளில் எழுத்து ஓடியது.

முதுகுத் தையல் விட்டிருக்கிற ஆளை அப்படியே அனுப்ப முடியாது என்று ஜெயக்கொடி அக்கா சொன்னார். அக்கா கம்பெனியில் ஓவர்லாக் டைலர், வீட்டிலும் ஒரு பழைய மிஷின் உண்டு. எல்லோரும் கூடிவிட்டோம், தவசியும் அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. பஞ்சு அமுங்கிப்போயிருந்த வயிற்றில், கத்தி உள்ளே எட்டாமல் போகட்டுமே என்று, கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டை மூட்டையாகத் திணித்தோம், பச்சை, ரோஸ், மாம்பழ மஞ்சள், அந்த மாதம் வெளிநாட்டுக்குப் போன அத்தனை கலரும் அவருக்குள் போயின. ஆனால் முதுகுப் பக்கத்தில் எவ்வளவு திணித்தும் நிற்கவில்லை, ஜிப் ஓடுகிற இடம், கத்தி வருகிற இடமும் அதுதான். “இந்தப் பக்கம் விலா நல்லா கெட்டியா இருக்கு, குத்துறவன் இங்க குத்தினான்னா பரவால்ல” என்றார் அக்கா. “சொல்லிப் பாருங்கக்கா, கேப்பான்” என்றார் தவசி.

அக்கா ஜிப் ஓரத்தை ஓட்டி, கழுத்துப்பட்டியை மடித்து அடித்துக்கொண்டே வந்தவர், நடுக்கழுத்தில் கை நின்று, மிஷின்மேல் கிடந்த லேபிள் ஒன்றை எடுத்து வைத்துத் தைத்துவிட்டார். கழுத்து என்றால் லேபிள், அக்காவின் கைக்கு அவ்வளவுதான் தெரியும்.

“அய்யோ! எக்ஸெல்லுனு வச்சுட்டேனே.”

“ஏனுங், அவருக்கு அது பத்துங்களா?” என்றார் பாவாத்தாள்.

பிரிக்க நேரமில்லை, படம் ஆரம்பித்துவிட்டது. லேபிள் தைக்கிற நூல் நைலான், முனையை ஒட்ட நறுக்கவில்லை என்றால் முள் மாதிரி குத்தும், அதை நறுக்குவது என் வேலை. டிரிம்மர் என் கையில்தான் இருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். எத்தனையோ கழுத்து பார்த்த விரல், கண்ணெல்லாம் தண்ணீர், பாப்பா வேறு அவர் கொம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், நான் நெருடினேனா நெருடவில்லையா என்றே தெரியவில்லை, “ஆச்சுண்ணே” என்று சொல்லிவிட்டேன்.

அவர் பாப்பாவை என் கையில் கொடுத்தார். எல்லோருக்கும் கும்பிடு போட்டார், அரசிக்குத் தனியாக. டிவி விளிம்பில் கால் வைத்து, குனிந்து, உள்ளே போனார்.

லைனே பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைக் குகையில் அவர் மட்டும் உதடு சிவந்து, விரல் மஞ்சளாக, நெற்றிக்கண் நீலமாக நின்றார். இளவரசி அவரைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், காவல்காரனைக் கண்டு ஒரு கைதி அப்படிச் சந்தோஷப்பட்டு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். எங்கிருந்தோ இளவரசனும் வந்து சேர்ந்தான், செருப்பெல்லாம் தூசி. சண்டகேது கூண்டைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தார். இளவரசன் பூனை மாதிரி பின்னால் வந்தான். நான் குனியவில்லை. வாயையும் திறக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கத்தி ஓங்கினது. அந்த நேரத்தில் சண்டகேது தூக்கின கையில் ஒன்றைக் கீழே இறக்கி, கழுத்தைச் சாய்த்து, பின்கழுத்தை வறட்டு வறட்டென்று சொறிந்தார்.

சொறிந்ததில் உடம்பு திரும்பியது. முதுகுக்கு வந்த கத்தி விலாவில் இறங்கியது. பச்சையும் ரோஸும் மாம்பழ மஞ்சளுமாகத் துணி அருவி மாதிரி கொட்டியது, இளவரசன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சண்டகேது நிதானமாகச் சொறிந்து முடித்துவிட்டு, கடமைக்காக விழுந்தார்.

“பவுனு” என்றார் ஜெயக்கொடி அக்கா, என் கையிலிருந்த டிரிம்மரைப் பார்த்துக்கொண்டே, “நூல நறுக்கலியாடி நீ?”

சாவி எடுத்தான், கூண்டைத் திறந்தான். இளவரசி இறங்கி, நடக்கும் முன்னால் சுவரைப் பிடித்து நின்று காலை உதறினாள், நாங்களெல்லாம் உட்கார்ந்த இடத்தில் எங்கள் காலை நீட்டிக்கொண்டோம். பூந்தோட்டத்தில் பாட்டு வந்தது. எல்லோரும் ஆடுகிறவர்களைப் பார்த்தார்கள், நான் பின்னால் குகை வாசலைப் பார்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கால் தெரிந்தது, கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது, பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி. பாப்பாவும் அதைத்தான் பார்த்தாள். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

அதோடு அந்தப் படத்தை அவர்கள் மறுபடி போடவில்லை. பாப்பா பழையபடி விழித்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் அழுவதில்லை, டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தின் மூலையையும் பார்க்கிறாள். நானும் அணைப்பதில்லை. இன்றைக்கு ஓடுவது மணல்மேட்டில் குதிரை ஓட்டுகிற படம், மேட்டுக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில் யாரோ நடந்து வருகிற மாதிரி இருக்கிறது, கறுப்பு வெள்ளையில் ஒரு பொட்டு நீலம் மாதிரி இருக்கிறது, ஒரு கொம்பு மடங்கியிருக்கிற மாதிரிகூட இருக்கிறது, நான் அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, நினைத்தால் கையும் கண்ணும் ஒரே ஊருக்குப் போய்விடும், விரலை நறுக்கிக்கொள்வேன், அதனால் இந்தப் பனியனின் கழுத்தை நெருடிக்கொண்டே போய், நூல் நீட்டுகிற இடத்தில் டிரிம்மரை வைத்து,

“மானிடப் பெண்ணே! கழுத்தில் என்ன வைத்துத் தைத்தீர்கள், அரிப்புத் தாங்கவில்லை!”

இதோ வந்துட்டேண்ணே, கட்டுல கால் வச்சிராம இறங்குங்க, பாப்பா முழிச்சுக்கிட்டுத்தான்